எப்போது வேண்டும்?

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். ஊரில் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடலாம். நிரல் எழுதும் கருவிகளைக் கணினியில் நிறுவ உட்கார்ந்தவருக்கு அந்த வசதி கிடையாது. ஒன்றை நிறுவ மற்றது வேண்டும், மற்றதை நிறுவ முதலாவது வேண்டும், ஆகவே எதையும் நிறுவ முடியாது என்று திரை அறிவித்துவிட்டு நின்றுவிடும். வட்டச் சார்பு என்று இதற்குப் பெயர். இதில் மாட்டிக்கொண்டவர்களில் சிலர், தாம் எதையோ தப்பாகச் செய்துவிட்டதாக நினைத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். அதே வட்டம் அதே இடத்தில் காத்திருக்கும். வேறு சிலர், கட்டாயப்படுத்து என்று பொருள்படும் ஒரு சொல்லைக் கட்டளையின் வாலில் ஒட்டி இயந்திரத்தின் வாயை அடைப்பார்கள். வட்டம் எங்கோ அறுந்திருக்கும். எங்கே என்று அறுத்தவருக்கே தெரியாது. இந்தப் பிழைச்செய்தி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விழுங்குகிறது என்று கொஞ்சம் நின்று பார்த்தால் இரண்டு வழியும் தேவைப்படாது என்பது என் கட்சி.

நின்று பார்க்க வசதியான இடம், ஃப்ரீடைப், ஹார்ஃப்பஸ் என்ற இரண்டு நிரலகங்கள். பெயரைக் கேள்விப்படாதவர்களும் இவற்றின் உழைப்பை அன்றாடம் அனுபவிக்கிறார்கள். 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் அது ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகளாக, அந்த வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரைக்கு வரும்போதோ குறி இரண்டாகப் பிளந்து, கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்க வேண்டும். இந்தப் பிளவையும் இடமாற்றத்தையும் கணக்கிடுவது ஹார்ஃப்பஸ். ஃபயர்பாக்ஸிலும் குரோமிலும் ஆண்ட்ராய்டிலும் லிப்ரெஆபிஸிலும் தமிழ் சிதறாமல் தெரிவது அதன் தயவில். அப்படிக் கணக்கிட்ட வடிவங்களின் கோட்டுருவை எடுத்துப் புள்ளிகளாக நிரப்பித் தருவது ஃப்ரீடைப்பின் வேலை. ஹார்ஃப்பஸுக்கு எழுத்துருவின் அளவுகள் தெரிய வேண்டும் என்றால் ஃப்ரீடைப்பிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஃப்ரீடைப்புக்குள் சிறிய எழுத்துகளைத் திரையில் செப்பமாக உட்காரவைக்கும் ஒரு தானியங்கிப் பகுதி இருக்கிறது. எந்த வடிவம் எந்த எழுத்துமுறையைச் சேர்ந்தது என்று அது தெரிந்துகொண்டாக வேண்டும். எழுத்துருவில் இருக்கும் பல வடிவங்களுக்கு யூனிகோடு எண்ணே கிடையாது என்பதால், அதைத் தெரிந்துகொள்ள அது ஹார்ஃப்பஸிடம் போகிறது. இரண்டு தேவையும் நியாயமானவை. அசட்டையாக யாரோ செய்துவைத்த கோளாறு என்று இதை ஒதுக்க முடியாது.

ஜென்டூ என்ற லினக்ஸில் மென்பொருள்கள் பெரும்பாலும் மூலநிரலாக வந்து இறங்கி, நம் கணினியிலேயே தொகுக்கப்படும். ஆகவே மற்ற இடங்களில் மூடிக்கிடக்கும் இந்த வட்டம் அங்கே வெட்டவெளிச்சமாகத் தெரியும். அதன் நிறுவியான போர்ட்டேஜ், வட்டச் சார்பு என்று அறிவித்து, எது எதைக் கேட்கிறது என்று பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டும். அத்தோடு விடாது. ஃப்ரீடைப்பில் ஹார்ஃப்பஸ் ஆதரவை அணைத்துவிட்டுக் கட்டினால் வட்டம் உடையக்கூடும் என்று யோசனை சொல்லும். நிறுவி முடித்தபின் இந்த மாற்றத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி சேர்க்கும். செய்ய வேண்டியது அவ்வளவுதான். முதலில் குறைப்பட்ட ஃப்ரீடைப். அதை வைத்து ஹார்ஃப்பஸ். அந்த ஹார்ஃப்பஸை வைத்து மறுபடியும் ஃப்ரீடைப், இந்த முறை முழுசாக. ஃப்ரீடைப்பின் சொந்த நிறுவல் குறிப்பே நெடுங்காலம் இந்த மூன்று படிகளைத்தான் சொல்லிவந்தது. போர்ட்டேஜின் யோசனையில் சாவி எங்கே இருக்கிறது என்றால், 'நிறுவி முடித்தபின்' என்ற இடத்தில். அதற்கு மேலே இருந்த பிழைப் பட்டியலில் 'கட்டும் வேளை' என்ற குறிப்பு இருந்தாலும், எது முதலில், எது பிறகு என்று காட்டும் சொல் ஒன்றுகூடக் கிடையாது.

தமிழில் 'வேண்டும்' ஒரு விசித்திரமான வினை. இலக்கணக்காரர்கள் அதைச் 'செய்யும்' என்னும் வாய்பாட்டு முற்றோடு சேர்ப்பார்கள். புழக்கத்தில் அது காலத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்ட சொல். பணம் வேண்டும் என்று ஒருவர் சொன்னால் இன்றைக்கா நாளைக்கா, வேலையைத் தொடங்கவா முடிக்கவா என்பது சொல்லில் இருக்காது. கேட்பவர் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்வார். கணினிக்குப் பார்க்க முகம் இல்லை. ஃப்ரீடைப்புக்கு ஹார்ஃப்பஸ் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், உயிரோடு எழவே வேண்டுமா, முழுத் திறனைக் காட்டும்போது வேண்டுமா என்று அது கேட்பதில்லை. ஹார்ஃப்பஸுக்கு ஃப்ரீடைப் வேண்டும் என்றால் எந்த ஃப்ரீடைப், குறையா முழுசா என்றும் கேட்பதில்லை. காலம் உதிர்ந்த இரண்டு 'வேண்டும்'களை எதிரெதிரே நிறுத்தினால் வட்டம் பிறந்துவிடுகிறது. உதிர்ந்ததை ஒட்டவைத்தால் அதே வட்டம் மூன்று படி ஏணியாக நிமிர்கிறது. இரண்டு வேளைகளில் இருக்கும் இரண்டு பொருள்களை ஒரே பெயரால் அழைத்ததன் விளைவுதான் வட்டம் என்பதே நான் சொல்ல வருவது.

நம் தர்க்க மரபுக்கு இது புதுச் சங்கதி இல்லை. தன்னையே ஊன்றி நிற்கும் வாதத்தை ஆன்மாசிரயம் என்றும், இரண்டு ஒன்றையொன்று ஊன்றி நிற்பதை அன்னியோன்னியாசிரயம் என்றும், மூன்றோ அதற்கு மேலோ சுற்றிவந்தால் சக்கரகம் என்றும், சுற்றாமல் முடிவின்றி நீண்டுகொண்டே போனால் அனவஸ்தை என்றும் குற்றங்களைத் தரம் பிரித்தார்கள். ஆனால் வித்துக்கும் முளைக்கும் உள்ள உறவைக் குற்றமென்று தள்ளவில்லை. அதற்கென்று தனியாக ஒரு நியாயமே வைத்தார்கள். வித்திலிருந்து மரம், மரத்திலிருந்து வித்து என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் வட்டம். இந்த மரம் அந்த வித்திலிருந்து வந்தது, அந்த வித்து அதற்கு முந்தைய வேறொரு மரத்தில் காய்த்தது என்று சுட்டிச் சொன்னால் வம்சாவளி. இரண்டு சுட்டெழுத்துகள் செய்யும் வேலை இது. வம்சாவளியில் பின்னோக்கிப் போனால் முதல் வித்து எது என்ற கேள்வி மிச்சமிருக்கும். அது வேறு தலைவலி, பிறகு வருவோம்.

சார்பை வேளையோடு சேர்த்து எழுதிய அமைப்புகள் வட்டத்தை எவ்வளவு சாதாரணமாகக் கடந்துபோகின்றன என்பதற்கு டெபியன் என்ற லினக்ஸ் சாட்சி. சி மொழியின் அடிப்படை நிரலகம் அங்கே லிப்சி6 என்ற பேக்கேஜாக வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இழையை நடுவில் ரத்துசெய்யும் வேலைக்கு, ஜிசிசி கம்பைலரின் துணை நிரலகமான லிப்ஜிசிசி வேண்டும் என்கிறது அது. லிப்ஜிசிசியோ மற்ற எல்லா நிரலையும் போல லிப்சியைக் கேட்கிறது. இன்றைய டெபியன் கணினிகளின் அஸ்திவாரத்தில் இந்த வட்டம் கிடக்கிறது. பயன்படுத்துபவர்கள் ஒருநாளும் அதை உணர்வதில்லை. டிபிகேஜி என்ற நிறுவி, நிறுவுதலை இரண்டு வேளையாகப் பிரித்துவைத்திருப்பதுதான் காரணம். கோப்புகளை விரித்துவைப்பது ஒன்று, அமைத்து முடிப்பது மற்றொன்று. சாதாரணச் சார்பு இரண்டாவது வேளையை மட்டுமே கட்டுப்படுத்தும். விரிப்பதற்கு முன்பே மற்றது தயாராக இருந்தாக வேண்டும் என்றால் அதற்கு முன்சார்பு என்று வேறு வகை. அதைச் சிக்கனமாகப் பயன்படுத்தச் சொல்கிறது டெபியனின் கொள்கை ஆவணம். அமைக்கும் வேளையிலேயே வட்டம் வந்துவிட்டால் எங்கே அறுப்பது என்பதற்கும் அதில் விதி உண்டு. விரித்தபின் ஓட்ட வேண்டிய துணைநிரல் எதுவும் இல்லாத பேக்கேஜ் வட்டத்தில் இருந்தால் அங்கே அறுக்கலாம். அப்படி ஒன்றும் இல்லையென்றால் அறுபடும் இடத்துக்கு உத்தரவாதம் இல்லை. சட்ட நடையில் எழுதிய ஓர் ஆவணம் தன் கையறுநிலையை இப்படி வெளிப்படையாக ஒப்புக்கொள்வது அபூர்வம்.

யூனிக்ஸின் 7ஆம் பதிப்பிலேயே, 1979இல், டிசார்ட் என்ற சிறு கருவி இருந்தது. எதற்கு முன் எது என்ற ஜோடிகளைக் கொடுத்தால் ஒரு வரிசையாக்கித் தரும். அதன் குனு வடிவத்திடம் வட்டத்தைக் கொடுத்தால், உள்ளே சுழல் இருக்கிறது என்று பெயர் சொல்லிப் புகார் செய்துவிட்டு, எங்கோ ஓர் இடத்தில் அறுத்து, வரிசையையும் கொடுத்துவிடும். முணுமுணுத்துக்கொண்டே ஃபைலை நகர்த்தும் பழைய குமாஸ்தா. பைத்தான் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாகத் திருந்தியது. இரண்டு கோப்புகள் ஒன்றையொன்று இறக்குமதி செய்யும்போது, கேட்ட பெயர் கிடைக்கவில்லை என்று மொட்டையாகச் சொல்லிவந்த அதன் பிழைச்செய்தி, 2019இல் வந்த 3.8ஆம் பதிப்பிலிருந்து, நீ கேட்கும் கோப்பு இன்னும் பாதிதான் தொடங்கியிருக்கிறது, அநேகமாக வட்ட இறக்குமதியாக இருக்கும் என்கிறது. 'இன்னும் பாதி' என்ற காலச்சொல் செய்திக்குள் வந்ததும், படிப்பவருக்கு என்ன செய்வது என்பதும் பாதி விளங்கிவிடுகிறது.

மூலநிரலிலிருந்து கட்டும் வேளையில்தான் வட்டம் நிஜமாகவே கழுத்தைப் பிடிக்கும். கம்பைல் ஆகாத ஒன்றைப் பாதி விரித்துவைக்க வழியில்லை. ஆனாலும் எப்போது வேண்டும், எதற்கு வேண்டும் என்று ஒவ்வொரு சார்பையும் நிறுத்திக் கேட்டால் கணிசமானவை அங்கேயே உதிர்ந்துவிடும். ஒரு பேக்கேஜைக் கட்ட என்னென்ன வேண்டும் என்ற பட்டியலில், கட்டவே தேவைப்படுவதும், கட்டி முடித்ததைச் சோதிக்கத் தேவைப்படுவதும், கையேட்டை அழகாக வடித்தெடுக்கத் தேவைப்படுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கும். சோதனைக் கருவி சுற்றிச் சுற்றி இந்தப் பேக்கேஜிலேயே வந்து நிற்கும். டெபியன்காரர்கள் இதற்கு ஓர் எளிய குறியீடு வைத்தார்கள். சோதனைக்கு மட்டும் தேவையான பெயருக்குப் பக்கத்தில், கோண அடைப்புக்குள் ஆச்சரியக்குறி போட்டு 'நோசெக்' என்று எழுதிவிடுவார்கள். சோதனை வேண்டாம் என்று சொல்லிக் கட்டும்போது இந்தச் சார்பைக் கணக்கில் எடுக்காதே என்று பொருள். கையேட்டுக்கு 'நோடாக்'. வெறும் 'வேண்டும்' என்று இருந்தது, இந்த வேலைக்கு இந்த வேளையில் வேண்டும் என்று ஆகிவிட்டது. பிழையோடு மல்லுக்கு நிற்பவர் செய்யக்கூடியதும் இதேதான். காகிதம் எடுத்து வட்டத்தை அம்புகளால் வரைந்து, ஒவ்வோர் அம்பின் மேலும் கட்டவா, அமைக்கவா, ஓடவா, சோதிக்கவா, கையேட்டுக்கா என்று எழுத வேண்டும். எழுத முடியாத அம்பு ஒன்று மிஞ்சினால் அதன் பேக்கேஜ் விவரத்தைத் திறந்து படிக்க வேண்டும். சில சமயம் அங்கே வட்டமே இருக்காது. இரண்டு வேறு பதிப்புகளின் களஞ்சியங்களைக் கலந்துவைத்ததால் ஒரு பதிப்பெண் பொருந்தாமல், பிணக்கு மட்டும் வட்டம் போல் தோற்றம் காட்டும். அதற்கு வேறு வைத்தியம்.

இங்கே ஒரு மறுப்பு வரும். வருவது விவரம் தெரிந்தவர்களிடமிருந்து. எங்கே அறுப்பது என்று ஆராய்வதைவிட, வட்டமே வராமல் வடிவமைப்பதுதானே பொறியியல் என்பார்கள். அவர்கள் பக்கம் மென்பொருள் அறிஞர் டேவிட் பார்னாஸ் நிற்கிறார். எது எதைப் பயன்படுத்தலாம் என்பதற்கு வரம்பு வைக்காவிட்டால், எல்லாம் ஓடும்வரை எதுவும் ஓடாத அமைப்பு ஒன்று வந்து சேரும் என்று 1979இல் ஒரு கட்டுரையில் அவர் எச்சரித்தார். கோ மொழி, பேக்கேஜ்கள் ஒன்றையொன்று வட்டமாக இறக்குமதி செய்வதை மொழியின் விதியாகவே தடுத்துவைத்திருக்கிறது. மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் பார்னாஸ் அதே கட்டுரையில் சொன்ன பரிகாரத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு நிரல்கள் ஒன்றையொன்று பயன்படுத்துவதில் இரண்டுக்கும் ஆதாயம் இருக்கிறது என்றால், ஒன்றை இரண்டாகப் பிளந்து, மற்றதை நடுவில் வை என்றார். சாண்ட்விச் என்றே அதற்குப் பெயர். குறை ஃப்ரீடைப்புக்கும் முழு ஃப்ரீடைப்புக்கும் நடுவில் ஹார்ஃப்பஸை வைத்தது வேறென்ன? வடிவமைப்பவர் நிரலுக்குள் பிளக்கிறார், நிறுவுபவர் நேரத்துக்குள் பிளக்கிறார். ஒரு பெயருக்குள் இரண்டு பொருள் இருந்தது என்று இருவருமே ஒப்புக்கொள்கிறார்கள். ஃப்ரீடைப் அண்மைப் பதிப்புகளில் வேறொரு வழியைச் சேர்த்திருக்கிறது: ஹார்ஃப்பஸைக் கட்டும்போது கேட்காமல், ஓடும்போது கணினியில் இருந்தால் எடுத்துக்கொள்வது. அம்பு அப்படியே இருக்கிறது, அதன் மேல் எழுதியிருந்த வேளை மட்டும் மாறியிருக்கிறது.

வடிவமைப்புச் சுத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதைப் பைத்தான்காரர்கள் ஒரே ஆண்டில் கற்றார்கள். பைத்தான் நிரல்களைக் கட்டப் பயன்படும் செட்அப்டூல்ஸ், தனக்குத் தேவையான சில சிறு நிரலகங்களின் பிரதிகளைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தது. பார்ப்பதற்கு அவ்வளவு லட்சணமாக இருக்காது. 2017 தொடக்கத்தில் வந்த 34ஆம் பதிப்பில் அந்தப் பிரதிகளை நீக்கிவிட்டு, மற்ற எல்லா நிரலையும் போலத் தானும் அவற்றைச் சார்பாகக் கேட்கத் தொடங்கியது. முறைப்படி பார்த்தால் சரியான முடிவு. ஆனால் அந்தச் சிறு நிரலகங்களை மூலநிரலிலிருந்து கட்டுவதற்கும் செட்அப்டூல்ஸ்தான் வேண்டும்! அதே ஆண்டின் நடுவில் வந்த 36ஆம் பதிப்பில் பிரதிகள் மறுபடி வயிற்றுக்குள் போயின. கட்டும் கருவி எந்தச் சார்பும் இல்லாமல் ஓடியாக வேண்டும் போலிருக்கிறது என்று, சற்றே அலுப்போடு, பதிப்புக் குறிப்பில் எழுதிவைத்தார்கள். நிறுவியை நிறுவுவதும் இப்படித்தான் நடக்கிறது. பைத்தானின் பிப் நிறுவியைக் கொண்டுவந்து சேர்க்கும் கெட்-பிப் என்ற கோப்பைத் திறந்து பார்த்தால், மேலே சில வரிகள் நிரல், அதற்குக் கீழே திரை திரையாகப் புரியாத எழுத்துக் குவியல். அந்தக் குவியல்தான் பிப், முழுசாக, எழுத்துகளாக மாற்றி அடைத்துவைத்தது. பிப் தன்னைத்தானே நிறுவ வேண்டியிருப்பதால், நிறுவப்படாத ஒரு பிப் முதலில் வந்து நிற்கிறது.

பிளக்கவே முடியாத இடம் என்று ஒன்று உண்டென்றால் அது கம்பைலர். பாலைத் தயிராக்க உறைமோர் வேண்டும். உறைமோர் தயிரிலிருந்துதான் வரும். எந்த வீட்டிலும் இது பிரச்சினை ஆனதில்லை, ஏனென்றால் ஊற்றுவது நேற்றைய தயிர். கம்பைலர்களின் வாழ்க்கையும் அப்படித்தான். 1962இல் எம்ஐடியில் டிம் ஹார்ட்டும் மைக் லெவினும் லிஸ்ப் மொழிக்கான கம்பைலரை லிஸ்ப்பிலேயே எழுதினார்கள். முன்பே இருந்த லிஸ்ப் இன்டர்பிரட்டரில் அதை ஓட்டி, அதை வைத்தே அதைத் தொகுத்தார்கள். ஜிசிசியைக் கட்டும்போது வழக்கமாக மூன்று சுற்று நடக்கும். கணினியில் ஏற்கெனவே இருக்கும் கம்பைலரால் புதியதைத் தொகுப்பது முதல் சுற்று. அப்படிப் பிறந்ததைக் கொண்டு அதே மூலநிரலைத் தொகுப்பது இரண்டாவது. இரண்டாவதில் பிறந்ததைக் கொண்டு மறுபடியும் தொகுப்பது மூன்றாவது. பிறகு இரண்டாம் சுற்றின் விளைவையும் மூன்றாம் சுற்றின் விளைவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும். வேறுபட்டால் ஒப்பீடு தோற்றது என்று சொல்லி நின்றுவிடும். முதல் சுற்றை ஒப்பீட்டில் சேர்ப்பதில்லை, ஏனென்றால் அதில் அந்நியக் கம்பைலரின் கைவாகு இருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாக இருந்தால் ஊற்றிய உறையின் வாசனை போய்விட்டது என்று அர்த்தம். வட்டத்தை ஒழிக்காமல், அதையே இரண்டு முறை சுற்றிவந்து, அதையே சோதனையாக்கிக்கொண்ட இந்தச் சாமர்த்தியத்துக்கு எத்தனை முறை தலைவணங்கினாலும் தகும்.

கோ மொழியின் கம்பைலர் 1.4ஆம் பதிப்பு வரை சி மொழியில் இருந்தது; 2015இல் வந்த 1.5 முதல் கோ மொழிக்கே மாறிவிட்டது. இன்று சியிலிருந்து தொடங்கி ஒருவர் 1.24க்கு ஏற வேண்டுமென்றால் 1.4, 1.17, 1.20, 1.22 என்று படிப்படியாக ஒன்றால் மற்றதைக் கட்டிக்கொண்டுதான் ஏற முடியும். ரஸ்ட் மொழியின் முதல் கம்பைலர் ஓகேமல் என்ற வேறொரு மொழியில் எழுதப்பட்டது; 2011இல் ரஸ்ட்டிலேயே எழுதிய கம்பைலர் தன்னைத் தானே தொகுத்தது. அன்றுமுதல் ஒவ்வொரு பதிப்பையும் கட்ட அதற்கு முந்தைய பதிப்பு வேண்டும். ரஸ்ட்டைக் கட்ட ரஸ்ட் வேண்டும் என்று கேட்டுத் திகைப்பவர், எத்தனையாவது ரஸ்ட் என்று கேட்டால் திகைப்பு போய்விடும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் நடைமுறையானது. நேற்றைய தயிரைத்தான் அடுத்த வீட்டுக்காரர் கிண்ணத்தில் கொடுக்கிறாரே, தொகுத்து வைத்த கோப்பைப் பதிவிறக்கினால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிகிறதே, இதற்கு ஏன் இத்தனை விசாரம்? பெரும்பாலோருக்கு, பெரும்பாலான நாள்களில், இது போதும் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த வீடே இல்லாத சமயம் வரும். ரிஸ்க்-ஃபைவ் என்ற புதுச் செயலி வகை வந்தபோது அதில் ஓடும் கம்பைலர் எந்தக் கிண்ணத்திலும் இல்லை. வேறு செயலியில் உட்கார்ந்துகொண்டு இந்தச் செயலிக்காகத் தொகுத்து அனுப்பித்தான் முதல் அடுக்கைப் போட முடியும். அப்போது அதுவரை மூடிக்கிடந்த வட்டமெல்லாம் ஒன்றாகக் கிளம்பும். டெபியன் அந்தச் செயலியை அதிகாரபூர்வ வரிசையில் ஏற்றது 2023இல். அதைத் தாங்கிய முதல் வெளியீடான 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது. சோதனை வேண்டாம், கையேடு வேண்டாம் என்ற அந்தக் கோண அடைப்புக் குறிகளின் அருமை தெரிவது இப்படிப்பட்ட வேலைகளில்தான்.

கிண்ணத்தில் என்ன கலந்திருக்கிறது என்ற கேள்வி அதைவிடக் கனமானது. யூனிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவரான கென் தாம்சன், டூரிங் விருது ஏற்புரையாக வழங்கி 1984இல் அச்சான உரையில் இதைத்தான் செய்து காட்டினார். உள்நுழைவு நிரலைத் தொகுக்கும்போது அதில் ஒரு கள்ளவாசல் வைக்கவும், கம்பைலரையே தொகுக்கும்போது இந்தத் தந்திரம் முழுவதையும் அதற்குள் மறுபடி நுழைக்கவும் ஒரு கம்பைலரைப் பழக்கலாம். பிறகு மூலநிரலிலிருந்து தந்திரத்தின் சுவடு முழுவதையும் அழித்துவிடலாம். மூலநிரல் பளிங்கு போல இருக்கும். உறை வழியே நோய் தலைமுறை தலைமுறையாக இறங்கும். ஜிசிசியின் மூன்று சுற்று ஒப்பீடு இதைப் பிடிக்காது, இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே நோயோடு ஒரே மாதிரி இருக்கும் என்பதால். பாதுகாப்பு ஆய்வாளர் டேவிட் வீலர் 2005இல் ஒரு மாற்று சொன்னார். சம்பந்தமே இல்லாத இன்னொரு கம்பைலரால் முதல் சுற்றைத் தொடங்கி, கடைசியில் கிடைப்பது பழைய வழியில் கிடைத்ததோடு பிட்டுக்குப் பிட்டு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். இரண்டு வேறு வீட்டு உறை, ஒரே பால், ஒரே தயிர்தானா என்ற சோதனை. வட்டத்தை எங்கே அறுத்தோம், அறுத்த இடத்தில் வெளியிலிருந்து எதைக் கொண்டுவந்து வைத்தோம் என்று தெரிந்தவரால் மட்டுமே இந்தச் சோதனையைச் செய்ய முடியும். கட்டாயப்படுத்தும் சொல்லால் வாயை அடைத்து முன்னேறியவருக்கு அந்த இடம் நினைவிலும் இல்லை, பதிவிலும் இல்லை.

மிச்சம் வைத்த தலைவலிக்கு இப்போது வரலாம். உறை கிடைக்காத ஊரில் காய்ச்சி ஆறவைத்த பாலில் மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டு வைப்பார்கள். முதல் தடவை உறைவது தயிர் என்று சொல்லத்தக்கதாக இராது. அதை உறையாக ஊற்றி அடுத்த நாள் தோய்ப்பது தேறிவிடும். ரஸ்ட்டுக்கு அப்படி ஒரு காம்பு இருக்கிறது, எம்ரஸ்ட்சி என்று பெயர். சி++ மொழியில் எழுதிய இந்தக் கம்பைலர், ரஸ்ட்டின் பெருமைக்குரிய நினைவகக் கடன் சோதனையைச் செய்வதே இல்லை. கொடுத்த நிரல் சரியானது என்று நம்பித் தொகுத்துவிடும். ஒரே ஒரு முறை ரஸ்ட் கம்பைலரைப் பிறப்பித்துவிட்டால் போதும், பிறகு அந்த ரஸ்ட் தன்னைத் தானே ஒழுங்காகத் தொகுத்துக்கொள்ளும்.

இதன் எல்லை வரை போனவர்கள் குனு கீக்ஸ் திட்டத்தினர். 2023இல் அவர்கள், 22,000க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் கொண்ட தங்கள் சார்பு மரத்தை 357 பைட் அளவுள்ள ஒரே நிரலின் மேல் ஊன்றி நிறுத்தினார்கள். பதினாறடிமான எண்களாக எழுதியதை வாங்கி அப்படியே பைட்டுகளாக மாற்றித் தருவதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. ஒருவர் பென்சிலோடு உட்கார்ந்து அதன் ஒவ்வொரு பைட்டையும் சரிபார்த்துவிடலாம். அதைக் கொண்டு அதைவிடக் கொஞ்சம் பெரிய ஒன்று, அதைக் கொண்டு ஓர் அசெம்பிளர், பிறகு சியின் ஒரு சிறு துண்டை மட்டும் புரிந்துகொள்ளும் கம்பைலர், பிறகு மெஸ், பிறகு டைனிசிசி, பிறகு ஜிசிசியின் பழைய 2.95, அங்கிருந்து இன்றைய ஜிசிசி. எந்தப் படியிலும் ஒரே பெயர் இரண்டு வேளைக்கு நிற்பதில்லை. ஒவ்வொன்றும் பதிப்பெண்ணோடு எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. வட்டம் என்று சொல்ல அங்கே எதுவும் மிஞ்சவில்லை. அந்த 357 பைட்டை ஓட்டிக் கொடுக்க இன்னமும் ஒரு லினக்ஸ் கெர்னல் வேண்டும். அந்தக் கெர்னல் ஏற்கெனவே ஏதோ ஒரு கணினியில், பெரும்பாலும் ஜிசிசியால், தொகுக்கப்பட்டது.